தள்ளாடும் கால்களும் பச்சை மாத்திரையும்

பாண்டுப் மேற்கில், ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் கண்ணில் படும் எந்த மருந்துக் கடையிலும் அந்தப் பச்சை நிற மாத்திரை கிடைக்கும். எவியான் 400. உள்ளே இருப்பது வைட்டமின் ஈ. டாக்டர் சீட்டு கேட்காமலே எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். வாங்குபவர்களில் பாதிப் பேர் இளம் பெண்கள். ஊசியால் குத்தி, உள்ளே இருக்கும் எண்ணெயைப் பிழிந்து, சோற்றுக் கற்றாழையோடு குழைத்து முகத்தில் பூசிக்கொள்வார்கள். தலைமுடிக்கும் தடவுவார்கள். திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து கல்யாணமாகி மும்பை வந்த ஒரு தாய் இரண்டு ஆண்டுகள் விடாமல் அதை வாங்கியது அழகுக்காக அல்ல. மகளின் கால்களுக்காக.

அந்தப் பெண்ணுக்கு இப்போது 13 வயது. ஒன்பதாவது வயதில்தான் ஆரம்பித்தது. முதலில் செருப்பு காலை விட்டு நழுவியது. பிறகு நடக்கும்போது கால்களை அகற்றி வைக்க ஆரம்பித்தாள். மராத்திப் பள்ளியில் டீச்சர் நோட்டைத் திருப்பி அனுப்பினார் - கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கிறதாம். இருட்டில் நிற்கச் சொன்னால் சாய்ந்துவிடுவாள். வெளிச்சத்தில் கண்ணை வைத்துக்கொண்டு காலைச் சமாளித்தாள். இருட்டில் அந்த உதவியும் இல்லை. வீட்டில் அது யாருக்கும் புரியவில்லை. "ஏளா, தரையப் பாத்து நடளா" என்று ஆச்சி அதட்டிக்கொண்டே இருந்தார். தரையைப் பார்த்துத்தான் அவள் நடந்துகொண்டிருந்தாள்.

பாண்டுப்பின் குன்றுச் சரிவுகளைப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய தொல்லை என்று சொல்ல வேண்டியதில்லை. மும்பை மாநகருக்குக் குடிநீரைச் சுத்திகரித்து அனுப்பும் பெரிய நிலையம் இந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. அதற்குப் பக்கத்துக் குன்றுகளில் வாழ்பவர்கள் குழாயில் தண்ணீர் வரும் நேரத்துக்குக் காத்திருந்து டிரம்மில் பிடித்து வைக்கிறார்கள். சந்துகள் செங்குத்தானவை. பல இடங்களில் சந்து என்பதே படிக்கட்டுதான். கழிப்பறை பொதுக் கழிப்பறை. அதற்கும் படி இறங்க வேண்டும். சமதரையில் தள்ளாடும் குழந்தை இங்கே உட்கார்ந்து உட்கார்ந்துதான் இறங்கும். ரிக்ஷா அடிவாரத்தோடு நின்றுவிடும். ஒரு கட்டத்துக்கு மேல் அப்பா முதுகில் சுமந்து இறக்கினார். அவர் கிடங்கு ஒன்றில் டெம்போவுக்குச் சரக்கு ஏற்றுபவர். சுமப்பது பழக்கம்தான். ஆனால் பதினோரு வயதுப் பெண் குழந்தைக்குக் கூச்சம் வந்துவிட்டது. பள்ளி நின்றது அதனால்தான், நோயால் அல்ல.

அக்கம்பக்கத்தில் கிடைத்த மருத்துவமெல்லாம் பார்த்தார்கள். கயிறு கட்டினார்கள். சத்துக் குறைவு என்று ஒரு டாக்டர் பி-காம்ப்ளெக்ஸ் ஊசி போட்டார். பிறகு யாரோ சொன்னார்கள்: நரம்புத் தளர்ச்சிக்கு வைட்டமின் ஈ நல்லது, இதே மாதிரி தள்ளாடிய ஒரு பையன் அதைச் சாப்பிட்டு நடந்துவிட்டான். யார் அந்தப் பையன், எந்த ஊர் என்று யாருக்கும் தெரியாது. கேட்டவுடன் கட்டுக்கதை என்று தள்ளத் தோன்றும்.

வேடிக்கை என்னவென்றால், அது கட்டுக்கதை அல்ல. அப்படிப்பட்ட பையன்கள் உலகில் உண்மையாகவே இருக்கிறார்கள்.

நாம் சாப்பிடும் எண்ணெய், கடலை, கீரை எல்லாவற்றிலும் வைட்டமின் ஈ உண்டு. 1922இல் கலிபோர்னியாவில் எவான்ஸ், பிஷப் என்ற இருவர் எலிகளை வைத்து அதைக் கண்டுபிடித்தார்கள். அது இல்லாவிட்டால் பெண் எலி கருவைச் சுமக்க முடிவதில்லை. அதனால் பிள்ளைப்பேறு என்ற பொருள் வரும் கிரேக்கச் சொல்லிலிருந்து டோகோஃபெரால் என்று பெயர் வைத்தார்கள். நரம்புக்கும் அதற்கும் உள்ள தொடர்பு தெளிவானது வெகு நாள் கழித்து. நரம்பைச் சுற்றியுள்ள கொழுப்புப் படலம் ஆக்சிஜனால் கெட்டுப்போகாமல் காப்பது அதன் வேலை. ஆன்டி-ஆக்சிடன்ட் என்று இப்போது தேயிலைப் பாக்கெட்டில்கூட அச்சடிக்கிறார்களே, அந்த வகையைச் சேர்ந்தது.

குடலில் இறங்கும் வைட்டமின் ஈயைக் கல்லீரல் பிடித்து, மறுபடி ரத்தத்தில் ஏற்றி அனுப்ப வேண்டும். அதற்கென்று ஒரு புரதம் இருக்கிறது. பெற்றோர் இருவரிடமிருந்தும் அந்தப் புரதத்தின் பழுதுபட்ட மரபணுவை வாங்கிக்கொண்டு பிறக்கும் குழந்தையின் கல்லீரலால் அதைச் செய்ய முடியாது. சாப்பிட்ட வைட்டமின் பித்தத்தோடு வெளியே போய்விடும். டிரம்மில் ஓட்டை. பாண்டுப்காரர்களுக்கு இதை விளக்க அதிக நேரம் ஆகாது. பத்து வயதுக்கு முன்னும் பின்னுமாகக் கால் தள்ளாடும், பேச்சு குழறும், முழங்காலில் தட்டினால் கால் எகிறாது. துனிசியா முதலான வட ஆப்பிரிக்க நாடுகளில் இந்த நோய் அதிகம். 1995இல் மரபணு பிடிபட்டது. இந்திய மருத்துவ ஏடுகளிலும் இத்தகைய நோயாளிகளைப் பற்றிய குறிப்புகள் வந்திருக்கின்றன. ஓட்டை டிரம்முக்கு என்ன வழியோ அதே வழிதான் இதற்கும்: விடாமல் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பெரியவர்களுக்குத் தினம் 800 முதல் 1,500 மில்லிகிராம் வரை, ஆயுள் முழுவதும். ஆரம்பத்திலேயே கொடுத்தால் நோய் நிற்கும், சிலருக்குக் கொஞ்சம் திரும்பவும் செய்யும். தள்ளாட்டம் தொடங்கும் முன்பே கண்டுபிடித்துக் கொடுத்தால் வராமலே தடுக்கலாம். பரம்பரையாக வரும், மூளை நரம்பைத் தின்னும் வியாதிகளில் கடையில் கிடைக்கும் மலிவு மாத்திரைக்குக் கட்டுப்படுபவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவற்றில் இது ஒன்று.

சிக்கல் என்னவென்றால், இதே அறிகுறிகளோடு, இதே வயதில், இன்னொரு நோயும் வருகிறது. ஹைடல்பெர்க் நகரத்து மருத்துவர் நிகோலாஸ் ஃப்ரீட்ரைக் 1863இல் விவரித்தது. ஃப்ரீட்ரைக் அட்டாக்ஸியா என்று இன்றும் அவர் பெயரில்தான் அழைக்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்து இரண்டையும் பிரிப்பது தேர்ந்த நரம்பியல் டாக்டருக்கே கஷ்டம். இரண்டில் முதலாவதைவிட இதுதான் பெரும்பாலான நாடுகளில் அதிகம் காணப்படுகிறது.

பாண்டுப்பிலிருந்து ஸ்லோ லோக்கல் பிடித்து குர்லா, சயான், மாட்டுங்கா, தாதர் தாண்டி பரேலில் இறங்கி, பெரிய மருத்துவமனை ஒன்றில் அந்தக் குடும்பம் வரிசையில் நின்றது இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான். தாய்க்குக் காய்கறி வாங்கும் அளவுக்கு இந்தி தெரியும். நோயைப் பற்றிப் பேசும் அளவுக்குத் தெரியாது. அப்பா வேலையை விட்டு வர முடியவில்லை. டாக்டர் மராத்தியில் கேட்க, மகள்தான் தமிழில் சொன்னாள். "அம்மா, ஒனக்கும் அப்பாவுக்கும் சொந்தமான்னு கேக்காரு." தாய் தலையை ஆட்டினார். அப்பா அவருக்குத் தாய்மாமன். கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் 'மாமா'தான். மாமியாரைக் கூப்பிடுவதும் 'ஆச்சி' என்றுதான், ஏனென்றால் அவர் அம்மாவைப் பெற்ற ஆச்சி.

டாக்டர் அடுத்த கேள்வியைக் கேட்க வாயெடுத்து, சிறுமியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். தன் நோயின் கதையைத் தானே மொழிபெயர்க்க வேண்டிய நிலையில் ஒரு குழந்தையை வைக்க அவருக்கு மனம் வரவில்லை போலும். தமிழ் தெரிந்த மலையாள நர்ஸ் ஒருவரை அழைத்துவரச் சொன்னார். பெண்ணை வெளியே பெஞ்சில் உட்காரவைத்தார்கள். இந்த நகரத்தின் மருத்துவமனைகளில் இப்படி வேண்டாத பாரத்தைத் தாங்கும் பிள்ளைகள் ஏராளம். எல்லா டாக்டரும் நிறுத்திக்கொள்வதில்லை.

இரண்டு பரிசோதனை எழுதினார். ஒன்று ஃப்ரீட்ரைக்குக்கான மரபணுச் சோதனை. மற்றது ரத்தத்தில் வைட்டமின் ஈ எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பது. பிறகு வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார்: வேறு ஏதாவது மருந்து கொடுக்கிறீர்களா? தாய் பையிலிருந்து பச்சை அட்டையை எடுத்துக் காட்டினார், கொஞ்சம் பெருமையோடு.

அங்கேதான் முடிச்சு விழுந்தது. இரண்டு ஆண்டுகளாக வைட்டமின் ஈ சாப்பிடும் குழந்தையின் ரத்தத்தில் அளவு சரியாக இருந்தால், அது உடல் நன்றாக இருப்பதாலா, மாத்திரையாலா என்று சொல்ல முடியாது. சில வாரங்கள் நிறுத்திவிட்டு ரத்தம் எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். தாய் மறுத்துவிட்டார். இத்தனை நாள் பிள்ளை கொஞ்சமாவது நடப்பதே இந்த மாத்திரையால்தான் என்பது அவர் நம்பிக்கை. நிறுத்தினால் படுத்துவிடுவாள். ஒருவேளை அந்த நோய் முதல் வகையாக இருந்தால் அந்தப் பயத்தில் நியாயமும் இருந்தது. 400 மில்லிகிராம் அதற்குப் போதாத அளவென்றாலும், ஒன்றுமில்லாததற்கு அது மேல். நர்ஸ் அரை மணி நேரம் பேசினார். சில வாரத்தில் எதுவும் கெட்டுவிடாது, மூடி வைத்த பாத்திரத்தில் என்ன இருக்கிறதென்று திறக்காமல் எப்படித் தெரியும் என்று ஏதேதோ சொல்லிச் சம்மதிக்க வைத்தார்.

அந்த வாரங்கள் அந்தக் குன்றின் மேல் வீட்டில் எப்படிக் கழிந்தன என்பதை விவரிக்க வேண்டாம். மகளின் ஒவ்வோர் அடியையும் தாய் எண்ணிக்கொண்டிருந்தார். எந்தத் தாயும் வேண்டாத ஒன்றை அவர் வேண்டிக்கொண்டார்: என் பிள்ளைக்கு அந்த முதல் நோயாகவே இருக்கட்டும் என்று. குலசை முத்தாரம்மனுக்கு முடிந்து வைத்தார். ரத்தம் எடுத்த அன்று, வெளிச்சம் பட்டால் வைட்டமின் கெட்டுவிடும் என்று குப்பியைச் சுற்றிக் கட்டி வெளி ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். இரண்டு சோதனைக்கும் சேர்த்து அப்பாவின் ஒரு மாதச் சம்பளத்தில் பெரும்பங்கு போனது.

வைட்டமின் ஈ சரியான அளவில் இருந்தது. மரபணுச் சோதனை ஃப்ரீட்ரைக் என்றது.

இந்த நோயில் கெட்டுப்போவது வைட்டமின் அல்ல, இரும்புக் கணக்கு. ஒவ்வோர் உயிரணுவிலும் மைட்டோகாண்ட்ரியா என்ற அடுப்பு உண்டு. அங்கே இரும்பையும் கந்தகத்தையும் கோத்துக் கொடுக்க உதவுவது ஃப்ரடாக்ஸின் என்ற புரதம். அதன் மரபணு ஒன்பதாவது குரோமோசோமில் இருக்கிறது, 1996இல் கண்டுபிடித்தார்கள். அதற்குள் மூன்று எழுத்துக் கொண்ட ஒரு துணுக்கு திரும்பத் திரும்ப வருகிறது. மற்றவர்களுக்கு முப்பது தடவைக்குள் வந்தால், நோயாளிகளுக்கு நூற்றுக்கணக்கில், சிலருக்கு ஆயிரத்துக்கு மேலும் வரும் - கீறல் விழுந்த ரெக்கார்டு போல. புரதம் போதுமான அளவு உருவாவதில்லை. கோக்கப்படாத இரும்பு அடுப்புக்குள்ளேயே தேங்கிக் கிடந்து துருவேற்றுகிறது. முதலில் முதுகுத்தண்டின் நரம்புகள், பிறகு சிறுமூளை, கூடவே இதயத் தசை. சிலருக்குச் சர்க்கரை நோயும் வருகிறது. புத்தி மட்டும் தெளிவாகவே இருக்கும். எல்லாம் தெரிந்துகொண்டே நடை போகும்.

துரு என்றால் துருவைத் தடுக்கும் மருந்து கொடுத்தால் போதுமே என்று தோன்றும். விஞ்ஞானிகளுக்கும் அப்படித்தான் தோன்றியது. 1999இல் பாரிஸ் மருத்துவர்கள் ஐடிபினோன் என்ற ஆன்டி-ஆக்சிடன்டை மூன்றே மூன்று நோயாளிகளுக்குக் கொடுத்து, தடித்திருந்த இதயத் தசை குறைந்தது என்று லான்செட் இதழில் எழுதினார்கள். மூன்று பேர்தான். ஆனால் வேறு எதுவும் இல்லாத பெற்றோருக்கு மூன்று பேர் போதும். 2008இல் கனடா நிபந்தனையோடு அனுமதி கொடுத்தது. பிறகு நடந்த பெரிய சோதனைகளில், சும்மா மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் ஐடிபினோன் சாப்பிட்டவர்களுக்கும் சொல்லத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. 2013இல் கம்பெனியே கனடாவிலிருந்து மருந்தைத் திரும்பப் பெற்றது. கோ-என்சைம் க்யூ10, வைட்டமின் ஈ என்று மற்றவையும் முயன்று பார்க்கப்பட்டவைதான். பேட்டன் நோய் என்ற இன்னொரு குழந்தைப் பருவ மூளைச் சிதைவுக்கு ஃபின்லாந்தில் வைட்டமின் ஈயும் செலினியமும் கொடுத்துப் பார்த்தார்கள். அங்கும் நோயை நிறுத்த முடியவில்லை.

சத்து மாத்திரைதானே, பலன் இல்லாவிட்டாலும் கெடுதல் என்ன என்பது நம் ஊரில் பரவலான எண்ணம். 1994இல் அதே ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்து நடந்த ஆய்வின் முடிவு வெளியானது. பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. 18 சதவீதம் கூடியது. அதிகமான வைட்டமின் ஈ ரத்தம் உறைவதையும் தாமதப்படுத்தும். உடம்புக்குள் ஆக்சிஜன் செய்யும் வேலைகள் எல்லாமே வேண்டாதவை அல்ல. எங்கே, எப்போது, எதைத் தடுக்க வேண்டும் என்று தெரியாமல் வாயில் போட்டு விழுங்கும் மாத்திரைக்கும் அது தெரியாது.

முதன்முதலாக ஒரு கதவு திறந்தது 2023 பிப்ரவரி 28 அன்று. அமெரிக்க அரசு ஓமாவெலாக்சோலோன் என்ற மருந்துக்கு அனுமதி கொடுத்தது. ஃப்ரீட்ரைக்குக்கென்று அங்கே அனுமதி பெற்ற முதல் மருந்து அதுதான். துருவைத் தான் நேரடியாகத் துடைக்காமல், உயிரணு தன் சொந்தத் துரு எதிர்ப்புக் கருவிகளை எடுத்துக்கொள்ளும்படி தூண்டிவிடுகிறது. 103 பேரிடம் 48 வாரம் நடந்த சோதனையில் நோயின் வேகம் குறைந்தது. குணம் என்று யாரும் சொல்லவில்லை. 93 வரை போகும் அளவுகோலில் வித்தியாசம் 2.4 புள்ளி. அந்த இரண்டு புள்ளி என்பது சிலருக்குத் தானே சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொள்வது, தட்டிலிருந்து சோற்றைச் சிந்தாமல் எடுப்பது. அதைச் சிறிது என்று சொல்ல மற்றவர்களுக்கு உரிமை இல்லை. ஆனால் அனுமதி 16 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. அமெரிக்காவில் அறிவித்த விலை ஆண்டுக்கு 3,70,000 டாலர், அதாவது 3 கோடி ரூபாய்க்கு மேல். இந்திய அரசின் 2021ஆம் ஆண்டு அரிய நோய்க் கொள்கைப்படி, பட்டியலில் உள்ள நோய்களுக்குக் குறிப்பிட்ட மருத்துவமனைகள் வழியாகத் தரும் உதவிக்கு உச்சவரம்பு 50 லட்சம். மும்பையில் கே.ஈ.எம். மருத்துவமனை அவற்றில் ஒன்று. முழுத் தொகையும் கிடைத்தாலும் அந்த விலையில் இரண்டு மாத மருந்துக்குத்தான் காணும். குழந்தைகளையும் சேர்த்துச் சோதித்த வாட்டிக்வினோன் என்ற இன்னொரு மருந்துக்கு 2025 ஆகஸ்டில் அமெரிக்க அரசு அனுமதி மறுத்துவிட்டது.

டாக்டர் இதையெல்லாம் அந்தத் தாயிடம் சொன்னாரா என்றால், பாதி சொன்னார். பச்சை மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை. அதற்குச் செலவழிக்கும் காசை வேறு எதற்காவது செலவழிக்கலாம் என்றார். வேறு எதற்கு? ஆண்டுக்கு ஒரு முறை இதயத்துக்கு எக்கோ, சர்க்கரைச் சோதனை, முதுகு வளைகிறதா என்று பார்க்க எக்ஸ்ரே. தினமும் உடற்பயிற்சி, அது நடையைக் கொஞ்சம் தள்ளிவைத்துக் காப்பாற்றும். 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி ஊனமுற்றோர் சான்றிதழ். அதைக் காட்டினால் லோக்கல் ரயிலில் தனிப் பெட்டியில் ஏறலாம். வீட்டு வாசலிலிருந்து பொதுக் கழிப்பறை வரை கைப்பிடிக் கம்பி. கடைசியாகச் சொன்னதைத்தான் அப்பா முதலில் செய்தார். சந்துக்காரர்கள் வழி குறுகிவிடும் என்று முணுமுணுத்தார்கள். இப்போது மழைக்காலத்தில் எல்லாக் கிழவர்களும் அந்தக் கம்பியைப் பிடித்துத்தான் இறங்குகிறார்கள்.

வீட்டில் ஏழு வயதுப் பையன் ஒருவன் இருக்கிறான். நன்றாக ஓடுகிறான். நாலில் ஒரு பங்கு அவனுக்கும் இருக்கலாம். சோதித்துப் பார்த்துவிடலாமா என்று அப்பா கேட்டார். அறிகுறி இல்லாத குழந்தையை, தடுக்க மருந்து இல்லாத நோய்க்காகச் சோதிப்பதை மரபணு டாக்டர்கள் பொதுவாக விரும்புவதில்லை. வளர்ந்தபின் தெரிந்துகொள்வதா வேண்டாமா என்பது அவன் முடிவு செய்ய வேண்டியது என்பார்கள். முதல் வகை நோயாக இருந்திருந்தால் அன்றைக்கே அவன் ரத்தத்தை எடுத்திருப்பார்கள். ஏனென்றால் அதற்குத் தடுப்பு உண்டு. அதனால் அவன் சோதிக்கப்படவில்லை. அவன் கால் இடறும்போதெல்லாம் வீட்டில் எல்லோரும் ஒரு கணம் பேச்சை நிறுத்துகிறார்கள்.

ஊரில் வேறொரு விவகாரம். தாயின் தங்கையை ஆச்சியின் கடைசி மகனுக்குக் கட்டிவைப்பதென்று வெகுநாளாகப் பேச்சு. அதே வீடு, அதே மாமன் உறவு. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் நான்கில் ஒருவருக்கு மேல் சொந்தத்தில்தான் கல்யாணம் செய்திருக்கிறார்கள். இதில் அதிசயம் ஒன்றுமில்லை. சொந்தத்தில் செய்தாலே நோய் வரும் என்பதும் உண்மையல்ல. பெரும்பாலான குழந்தைகள் நன்றாகவே பிறக்கின்றன. ஆனால் இந்த வீட்டில் ஒளிந்திருக்கும் பழுது இன்னதென்று இப்போது தெரிந்துவிட்டது. மாப்பிள்ளை, பெண் இருவரும் ரத்தம் கொடுத்துப் பார்த்தால் போதும், ஒருவரிடம் இல்லாவிட்டாலும் பிள்ளைகளுக்கு இந்த நோய் பற்றிய பயம் இல்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். தாய் அதைப் போனில் சொன்னபோது மறுமுனையில் சத்தம் இல்லை. பிறகு அவருடைய அம்மா கேட்டார்: "சோதிச்சு இருக்குன்னு வந்தா, வெளியில அவளுக்கு எவன்டி மாப்பிள குடுப்பான்?"

ஆச்சி இரண்டு நாள் பேத்தியோடு பேசவில்லை. தன் வம்சத்தையே குற்றம் சொல்லிவிட்டதாக நினைத்துவிட்டார். மூன்றாம் நாள் கொள்ளுப் பேத்திக்குத் தலை வாரிக்கொண்டே, தன் கூடப் பிறந்த ஓர் அண்ணன் பதினெட்டு வயதில் நெஞ்சடைத்துச் செத்ததையும், அவன் கடைசிக் காலத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்ததையும் சொன்னார். அதுவரை யாரும் கேட்டிராத கதை. குடித்துவிட்டுத் தள்ளாடுகிறான் என்று ஊரார் அவனைக் கேலி செய்வார்களாம்.

வைகாசியில் நிச்சயம் வைப்பதாக இருந்தது. இப்போதைக்குத் தள்ளிப்போட்டிருக்கிறார்கள். மாப்பிள்ளை மட்டும், யாரிடமும் சொல்லாமல், மும்பை வந்தால் அந்த ரத்தச் சோதனைக்கு எவ்வளவு ஆகும் என்று அக்காள் மகளிடம் கேட்டிருக்கிறார்.